அடுத்த வகுப்புக்கு என்ன வேண்டும்? மருத்துவ ஆசிரியர்களுக்கு இணையத்தில் பாடப்பொருள் தேடக் கற்றுத்தருவது எப்படி

முதல் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு கூகுளில் தேடி எடுத்த பிபிடி அது. பாம்புக்கடி வகுப்பு. மூன்றாவது ஸ்லைடிலேயே வால் நுனியில் கிலுகிலுப்பை வைத்த ஒரு பாம்பு வந்து நின்றது. பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் பின்வரிசையில் எழுந்து, "சார், இது நம்ம ஊர்ல கிடையாதே" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் சிரிக்க முடியாத விஷயம் பத்தொன்பதாவது ஸ்லைடில் இருந்தது. கடிபட்ட காலை அடி முதல் தொடை வரை அழுத்திக் கட்டும் முறையை அது அழகான படத்தோடு விளக்கியது. ஆஸ்திரேலியாவில் அது சரியான முதலுதவி. நம் நாட்டு நெறிமுறையோ எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. கட்டு என்பது அசைவைத் தடுக்கத்தான், அழுத்தம் கொடுக்க அல்ல. அந்த ஸ்லைடை நான் படித்துப் பார்க்காமலே ஓட்டிவிட்டேன். மறுவாரம் உட்கார்ந்து திருத்த வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் எங்கள் மருத்துவக் கல்வி அலகில், சக ஆசிரியர்களுக்குத் தேடக் கற்றுத்தரும் இரண்டு மணி நேரப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தோம். இந்தப் பக்கத்தில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது. கிருஷ்ணகிரி கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இரண்டிலுமே, வேறு ஊரில் படித்து இங்கே பணிக்கு வந்து, வார்டு வேலைக்கு நடுவில் வகுப்பு எடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நேரம் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி நடத்தப் போகிறவருக்காகவே இதை எழுதுகிறேன். தனியாகக் கற்றுக்கொள்ள நினைப்பவரும் இதே வரிசையில் போகலாம்.

முதல் படி: பயிற்சிக்கு முன்பே செய்ய வேண்டியவை

நல்ல இணையதளங்கள் என்று நாற்பது முகவரிகளைத் திரையில் காட்டாதீர்கள். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.

அதற்குப் பதிலாக ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த பதினைந்து நாளில் நீங்கள் எடுக்கப்போகும் வகுப்பு எது?" அந்த வகுப்போடுதான் அவர் வர வேண்டும். பயிற்சி முடிந்து போகும்போது அந்த வகுப்புக்கான பொருள் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் இலக்கு.

ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு கணினி. தனியாக உட்கார வைத்தால் மின்னஞ்சல் பார்க்கப் போய்விடுவார்கள். நூலகரை விருந்தாளியாக அல்ல, பயிற்றுநராகவே கூப்பிடுங்கள். கல்லூரிக்கு எந்தெந்த இதழ்கள் திறந்திருக்கின்றன, எந்த லாகின் வேலை செய்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். முந்தின நாளே அதே கணினிகளில், அதே இணைய இணைப்பில் எல்லாத் தளங்களையும் ஒரு முறை திறந்து பாருங்கள். கல்லூரி நெட்வொர்க் வீடியோ தளங்களை அடைத்து வைத்திருக்கும். அது தெரியாமல் போனால் முதல் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

இரண்டாம் படி: தலைப்பை விட்டு வினைச்சொல்லைப் பிடிப்பது

தேடல் கெட்டுப்போவது பெரும்பாலும் கூகுளில் அல்ல, அதற்கு முன்பே. "பாம்புக்கடி" என்று தேடினால் உலகத்தில் உள்ள பாம்பெல்லாம் வரும். மாணவர் என்ன செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் தேட வேண்டிய விஷயம்.

இதற்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் திறன் சார்ந்த பாடத்திட்டமே நல்ல துணை. 2018-இல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டு, 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில், பொது மருத்துவத்தில் ஐ.எம். 20 என்ற தலைப்பு விஷக்கடிக்கு. அதன் முதல் திறன், உள்ளூர் விஷப் பாம்புகளைப் பட்டியலிட்டு அடையாளங்களை விவரிப்பது. உள்ளூர் என்ற சொல் அதிலேயே இருக்கிறது. என் கிலுகிலுப்பைப் பாம்புக்கு அங்கே இடமே இல்லை. இரண்டாவது திறன், கடிபட்ட இடத்தில் முதலில் செய்ய வேண்டியதை விவரிப்பது, ஒரு தன்னார்வலர் மேலோ பொம்மை மேலோ செய்துகாட்டுவது, மற்றவர்களுக்குச் சொல்லித் தருவது.

இந்த இரண்டாவதைப் பயிற்சியில் பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுங்கள். விவரிப்பதற்கு ஒரு பக்க வழிகாட்டி போதும். செய்துகாட்டுவதற்கு ஸ்கில் லேபில் வைத்து மதிப்பெண் போடும் செக்லிஸ்ட் வேண்டும். சொல்லித் தருவதற்கு, கிராமத்து மனிதரிடம் பேசுவது போல நடித்துப் பழகும் ஒரு ரோல்பிளே வேண்டும். ஒரே திறனுக்கு மூன்று வினை, மூன்று வகைப் பொருள். இதில் பிபிடிக்கு எங்கே இடம்? எங்கேயும் இல்லை. நம்மில் பலர் தேடுவதோ அதை மட்டும்தான்.

ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதட்டும்: "மாணவர் இன்னதைச் செய்ய வேண்டும், அதற்கு எனக்கு இன்ன வகைப் பொருள் வேண்டும்." இதற்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். இன்னொன்று, 2024-இல் திருத்திய வழிகாட்டுதல்கள் வந்திருக்கின்றன. அதனால் திறன் எண்ணைப் பழைய பிபிடியிலிருந்து எடுக்காமல் ஆணையத்தின் தளத்தில் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

பொருளின் வகை தெரிந்துவிட்டால் இடம் தானாகத் தெரியும்.

வைத்திய முறை சார்ந்த உண்மை வேண்டுமானால் முதலில் நம் நாட்டு ஆவணங்கள்தான். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 முதல் வெளியிட்டுவரும் சிகிச்சை நெறிப் படங்கள் ஒவ்வொன்றும் ஒரே பக்கம். அப்படியே அச்சிட்டு வார்டு சுவரில் ஒட்டலாம், ஸ்மால் குரூப் வகுப்பில் நடுவில் வைத்துப் பேசலாம். பாம்புக்கடிக்கு 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் 2016-இல் தந்த வழிகாட்டியும் இருக்கிறது. இவற்றைப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டுப் பொருளைத் தொட வேண்டும். நான் செய்தது தலைகீழ்.

வகுப்பையே முழுதாக எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் மெட்எட்போர்ட்டல். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2005-இல் தொடங்கியது. இதில் வருவது கட்டுரை மட்டும் அல்ல. ஆசிரியர் கையேடு, ஸ்லைடு, சிமுலேஷன் கதை, நோயாளியாக நடிப்பவருக்கான வசனம், செக்லிஸ்ட் எல்லாம் பின்னிணைப்பாகக் கோப்புகளாகவே கிடைக்கும். சக ஆசிரியர்களின் பரிசீலனை முடிந்து வருபவை, இலவசம். நம் ஆட்கள் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சரக்கு கீழே பின்னிணைப்பில் இருக்கிறது என்று இரண்டு தடவையாவது சொல்லுங்கள்.

ஒரு கற்பித்தல் முறை பலன் தருமா என்று தெரிய வேண்டுமானால் பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இந்த மருத்துவக் கட்டுரைத் தேடுபொறியை எல்லோருக்கும் தெரியும், பெரும்பாலோர் கூகுள் மாதிரிதான் பயன்படுத்துகிறார்கள். எக்ஸ்ரே, சி.டி. படங்களுக்கு ரேடியோபீடியா. ஈ.சி.ஜி.க்கு லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன் தளத்தின் ஈ.சி.ஜி. தொகுப்பு. மாணவருக்கு ஒரு சுருக்கமான வாசிப்பு கொடுக்க ஸ்டாட்பேர்ல்ஸ், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் புத்தக அலமாரியில் இலவசமாகவே இருக்கிறது.

நான்காம் படி: பப்மெட்டில் ஒரு தேடலை எல்லோரும் சேர்ந்து செய்வது

இதை மட்டும் திரையில் நீங்களே செய்து காட்டுங்கள், மெதுவாக.

முதலில் பாம்புக்கடி, கற்பித்தல் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் சும்மா போட்டுத் தேடுங்கள். வரும் முடிவுகளில் முதல் பக்கத்தை எல்லோரும் பார்க்கட்டும். டீச்சிங் ஹாஸ்பிட்டலில் சேர்க்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் வந்து நிற்கும். "கற்பித்தல்" என்ற சொல் ஆஸ்பத்திரியின் பெயரில் மாட்டிக்கொண்டது. இந்த இடத்தில் யாராவது ஒருவர் சிரிப்பார். அப்போதுதான் பாடம் மனதில் ஏறுகிறது.

பிறகு மெஷ் எனப்படும் பொருள் தலைப்புப் பட்டியலைத் திறங்கள். பப்மெட் முகப்பிலேயே அதற்கான இணைப்பு இருக்கும். பப்மெட்டின் முக்கியப் பகுதியான மெட்லைனில் உள்ள கட்டுரைகளுக்கு அவை எதைப் பற்றியவை என்று ஒரு தலைப்பு ஒட்டப்பட்டிருக்கும், நம் ஊர் பலசரக்குக் கடையில் டப்பா மேல் எழுதி ஒட்டுவது போல. துவரம் பருப்பு என்று ஒட்டிய டப்பாவில் துவரம் பருப்புதான் இருக்கும். பாம்புக்கடிக்கு ஒரு தலைப்பு, மருத்துவக் கல்விக்கு ஒரு தலைப்பு. இரண்டையும் எடுத்து நடுவில் ஆங்கில 'ஆண்ட்' சேர்க்க வேண்டும், பெரிய எழுத்தில். சிறிய எழுத்தில் போட்டால் அதை இணைப்புச் சொல்லாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

முடிவுகள் குறைந்துவிடும். சில சமயம் ஒன்றிரண்டுதான் வரும். பயப்பட வேண்டாம். குறைந்தால் பாம்புக்கடியை விட்டு "விஷக்கடி", "அவசர சிகிச்சை" என்று ஒரு படி மேலே போங்கள், அதிகமானால் ஒரு படி கீழே இறங்குங்கள். இந்த ஏறி இறங்குவதுதான் தேடல். ஒரே தடவையில் கிடைக்காவிட்டால் பொருளே இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கடைசியாக, இடப்பக்கத்தில் முழுக் கட்டுரை இலவசம் என்ற வடிகட்டியைத் தட்டுங்கள். ஆனால் கடைசியில்தான். முதலிலேயே தட்டினால் நல்லவை கண்ணில் படாமலே போகும்.

கூகுளுக்கும் இரண்டு உத்தி போதும். ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி போட்டு, ஒரு தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அரசுத் தளங்களில் அவர்களுடைய தேடுபெட்டியைவிட இது நன்றாக வேலை செய்கிறது. அதே போல ஃபைல்டைப் என்று எழுதி முக்காற்புள்ளியோடு பிடிஎஃப் சேர்த்தால் பிடிஎஃப் மட்டும் வரும்.

ஐந்தாம் படி: பூட்டிய கட்டுரையைத் திறப்பது

"காசு கேக்குது மேடம்" என்ற குரல் இந்த நேரத்தில் வரும். காசு கட்டவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலில், முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் அதே கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். அன்பேவால் என்ற இலவச நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால், சட்டப்படி இலவசமாக வேறெங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். அடுத்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 2025 ஜனவரி 1 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, உங்களுக்கு லாகின் உண்டா என்று நூலகர் அங்கேயே பார்த்துச் சொல்லட்டும். எதுவும் நடக்காவிட்டால் கட்டுரை எழுதியவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல். பலர் மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள்.

ஆறாம் படி: படங்கள்

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பாம்பிலிருந்தே தொடங்கலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டுப் பன்முக விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும்தான். கட்டுவிரியன் என்று படத் தேடலில் போட்டால் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பும் அந்தப் பெயரிலேயே வரும். இரண்டும் கறுப்பில் வெள்ளைப் பட்டை. கட்டுவிரியனுக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு அதற்கு நேர்மாறு, தலைப் பக்கம் தெளிவு, வால் பக்கம் மங்கல். கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஓடும் செதில்கள் அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் பெயரை நம்பாமல் படத்தையே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. இரண்டு படத்தையும் பெயர் இல்லாமல் காட்டிக் கேளுங்கள். பேராசிரியர்களே தடுமாறுவார்கள்.

அடுத்து தோல் நிறம். தோல் நோய்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் இருப்பவை. 'செந்நிறத் தடிப்பு' என்று அதில் படித்த மாணவர், நம் ஊர் மாநிறத் தோலில் அதே தடிப்பைக் கண்டுபிடிக்கத் திணறுகிறார். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே என்பவர் 2020-இல் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து 'மைண்ட் தி கேப்' என்று ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பு, மாநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதைப் படங்களோடு காட்டுவது, இணையத்தில் இலவசம். இந்திய இதழ்களின் கட்டுரைகளில் வந்த படங்களைத் தேட, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ஓப்பன்-ஐ உதவும். அது பப்மெட் சென்ட்ரல் கட்டுரைகளுக்குள் இருக்கும் படங்களை எடுத்துக் காட்டும்.

ஃபுளோரைடு மிகுந்து பல்லில் கறை படியும் பல் ஃபுளோரோசிஸுக்கு நாம் எங்கும் போக வேண்டாம் என்று நினைப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைச் சொல்லும்போது மாணவர்கள் தங்கள் ஊர்க் கிணற்றை நினைப்பார்கள். ஆனால் நம் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பையனின் பல்லைப் போனில் எடுத்து அப்படியே ஸ்லைடில் போடக் கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், கற்பித்தலுக்கு என்று குறிப்பிட்டே வாங்க வேண்டும். கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும் என்பது பழைய நம்பிக்கை. பச்சை குத்தல், கயிறு, பின்னால் தெரியும் கேஸ் ஷீட் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

உரிமம் பற்றி ஒரு பத்து நிமிடம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நான்கு சொல்தான் நினைவில் வேண்டும்: பெயர் குறிப்பிடு, வணிகம் செய்யாதே, மாற்றாதே, மாற்றினால் அதே உரிமத்தில் கொடு. மாற்றாதே என்றிருந்தால் படத்தில் தமிழில் அம்புக்குறி போட்டுப் பிறருக்குப் பகிரக் கூடாது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆசிரியர் பாடம் நடத்தும்போது பயன்படுத்த இடம் கொடுக்கிறது. வகுப்பறைக்குள் காட்டுவது வேறு, அதே ஸ்லைடை யூடியூபில் ஏற்றுவது வேறு. இந்த வித்தியாசத்தை மட்டும் அழுத்திச் சொன்னால் போதும்.

ஏழாம் படி: சரிபார்ப்பது

எழுதியது யார், எந்த ஆண்டு, எந்த நாட்டு நோயாளிக்காக? மூன்று கேள்வி. என் அழுத்தக் கட்டு ஸ்லைடு முதல் இரண்டில் தேறியிருக்கும், மூன்றாவதில் மாட்டியிருக்கும்.

இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டுப் பட்டியல் வாங்கி வருகிறார்கள். கேட்கட்டும், தேடுசொல் யோசிக்க அது நல்ல துணை. ஆனால் அது தரும் ஒவ்வொரு கட்டுரைத் தலைப்பையும் பப்மெட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத கட்டுரைக்கு இருக்கிற இதழின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்வது அதற்குக் கைவந்த கலை.

எட்டாம் படி: நம் ஊருக்கு மாற்றுவது

வெளிநாட்டு ரோல்பிளே வசனத்தை அப்படியே தமிழில் பெயர்த்தால் பல்லிளிக்கும். அதில் வருபவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பற்றிக் கவலைப்படுவார், வார இறுதியில் மலையேற்றம் போய்க் கடிபட்டிருப்பார். நம்மிடம் வருபவர் மாங்காய்த் தோப்பில் தண்ணீர் பாய்ச்சும்போது கடிபட்டவர். முதலில் மந்திரிக்கப் போய், அங்கே இரண்டு மணி நேரம் போன பிறகு 108-இல் வருபவர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் தெலுங்கோ கன்னடமோதான் வீட்டுப் பேச்சு.

அதனால் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மாணவர் என்னென்ன கேட்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எதற்கு எத்தனை மதிப்பெண். சதையை நீங்கள் போடுங்கள். எங்கள் பயிற்சியில் ஒரு உதவிப் பேராசிரியை எழுதிய முதல் வசனம் இது: "டாக்டரம்மா, கயித்த அவுத்துடாதீங்க, வெசம் மேல ஏறிடும்னு பூசாரி சொன்னாரு." இதற்கு மாணவர் என்ன பதில் சொல்வார் என்பதில்தான் அந்த வகுப்பே இருக்கிறது. பூசாரியைத் திட்டினால் மதிப்பெண் கிடையாது. கயிற்றை ஏன் சட்டென்று அவிழ்க்காமல் மருந்தும் மருத்துவரும் தயாரான பின் அவிழ்க்க வேண்டும் என்று புரியும்படி சொன்னால் முழு மதிப்பெண்.

ஒன்பதாம் படி: சேர்த்து வைப்பது

வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட பிடிஎஃப் கிணற்றில் போட்ட கல். துறைக்கு ஒரு டிரைவ் ஃபோல்டர் திறந்து, கோப்பின் பெயரைத் திறன் எண்ணிலிருந்து தொடங்குங்கள். பின்னால் பொருள் வகை, ஆண்டு, உரிமம். "ஃபைனல் நியூ 2" என்று எவரும் பெயர் வைக்கக் கூடாது. கட்டுரைகளைச் சேர்த்து வைக்க ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் போதும். மலைப்பக்கத்துச் சுகாதார நிலையங்களுக்குப் போஸ்டிங் போகும் பயிற்சி மருத்துவர்களுக்கு, இணையம் இல்லாமலே திறக்கும் கிவிக்ஸ் செயலியின் மருத்துவ விக்கிப்பீடியாவைப் போனில் ஏற்றிக் கொடுங்கள். சித்தேரியில் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏற வேண்டாம்.

பத்தாம் படி: இரண்டு வாரம் கழித்து

எல்லோரையும் மறுபடி அரை மணி நேரம் கூப்பிடுங்கள். எதைத் தேடினீர்கள், எது கிடைத்தது, வகுப்பில் என்ன ஆயிற்று என்று மட்டும் பேசட்டும். சான்றிதழை அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும், முதல் நாளே கொடுத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

எங்கள் முதல் குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர், "எனக்கு இதெல்லாம் எதுக்கு" என்றே வந்தவர், ஒற்றைத் தாளோடு வந்தார். பாம்பு விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் இருபது நிமிட ரத்த உறைதல் சோதனைக்குச் செக்லிஸ்ட். இரண்டு மில்லி ரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், இருபது நிமிடம் தொடாமல் வைத்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் தப்பான விடை தரும் என்பதைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தார். மாணவர்களை வார்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்யச் சொன்னாராம். ட்ரேயில் இருந்தது அத்தனையும் பிளாஸ்டிக் குழாய். வகுப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, சிஸ்டரிடம், வார்டுக்குப் பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடிக் குழாய்க்கு எழுதிவிட்டு வந்ததாகச் சொன்னார்.